சபை

'சபா' என்ற வடசொல்லுக்குக் கூட்டம், கூடும் இடம் என இரு பொருளும் உண்டு. நடராசரின் இரத்தின சபை திருவாலங்காட்டில் இருக்கிறது. அங்கே சபை என்றால் ஆடும் அரங்கு. கிறிஸ்தவர் வழக்கில் இடம் பின்னுக்குப் போய், ஆட்கள் முன்னுக்கு வந்தார்கள். வேதாகமத்தில் சபைக்குக் கிரேக்க மூலச்சொல் 'எக்லேசியா'. அழைக்கப்பட்டுக் கூடியவர்கள் என்று பொருள். கட்டடத்துக்குக் கோயில், ஆலயம் என வேறு பெயர்கள் இருக்கின்றன. எக்லேசியாவைத் தெலுங்கு வேதாகமம் 'சங்கம்' என்கிறது. இரு மொழியும் புழங்கும் சித்தூர், திருப்பதி ஆராதனைகளில் இரண்டு சொல்லும் காதில் விழும். எனக்குப் பிடித்தது 'சபையார்': மரியாதை விகுதியோடு எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்கும் சொல். ஞாயிறன்று வாசலில் தயங்கும் புதியவரையும் அப்படியே அழைத்து, பக்கத்தில் உட்கார வையுங்கள்.