குன்னூர் எலிகள் முதல் ஒரகடம் கேன்டீன் வரை: மாவுச்சத்தா, கொழுப்பா என்ற ஆய்வின் தமிழ்நாட்டு வழித்தடம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலை ஒன்றின் கேன்டீனில் மதியச் சாப்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். முதலில் வைக்கும் சோறு சாம்பாருக்கு. அடுத்தது காரக்குழம்புக்கு. மூன்றாவது ரசத்துக்கு. கடைசிப் பிடி மோருக்கு. பொரியல் ஒரு கரண்டி, அப்பளம் ஒன்று. குழம்பு மாறுகிறது, ரசம் வருகிறது, சோறு மட்டும் மாறுவதில்லை. 200 கிராம் அரிசி ஒரு வேளைக்கு உள்ளே போனால், அதில் மாவுச்சத்து மட்டும் ஏறத்தாழ 156 கிராம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற வழக்கு மேலைநாட்டு மருத்துவ இதழ்களில் நெடுங்காலமாக நடக்கிறது. அதன் முடிவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் என் வாதம். காரணம் தமிழ்நாட்டின் ஆய்வு வரலாற்றிலேயே இருக்கிறது.

அந்த வரலாற்றைக் குன்னூரிலிருந்து தொடங்கலாம். மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் அங்கே உணவாய்வுக் கூடம் அமைத்து, 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட மதராஸ் உணவில் வளர்ந்தவை 155 கிராம். வரிசையில் கடைசி இடம். அன்று அவர் தேடியது வைட்டமின் குறைபாட்டை. சர்க்கரை நோயைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை, எலியின் எடை மனிதனின் நலத்துக்கு அளவுகோலும் ஆகாது. ஆனால் ஆலையில் தீட்டிய அரிசியின் மீது ஒரு கேள்விக்குறி அப்போதே விழுந்துவிட்டது.

மேலைநாட்டில் இந்த வழக்கு வேறு கோணத்தில் வளர்ந்தது. 1863-ல் வில்லியம் பான்டிங் என்ற லண்டன்காரர், மாவுப் பண்டங்களையும் சர்க்கரையையும் விட்டுத் தாம் இளைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். இன்சுலினுக்கு முந்திய காலத்தில் சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்தை மறுப்பதே மருத்துவமாக இருந்தது. 1920களின் தொடக்கத்தில் இன்சுலின் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதன்பின் எதிர்த்திசையில் நடந்தவர்களில் ஓர் இந்திய மருத்துவரும் உண்டு. 1955-ல் இந்தர் சிங் ‘தி லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில், கொழுப்பை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராமுக்குள் நிறுத்திய 80 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சில வாரங்களில் இன்சுலின் தேவைப்படவில்லை என்று காட்டினார். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. இன்றைய அளவுகோலில் வலுவான சான்றாகாது. ஆனாலும் மாவுச்சத்து மிகுந்த உணவிலும் சர்க்கரை கட்டுப்படலாம் என்ற எண்ணத்துக்கு அது இடம் தந்தது.

சென்னையில் அந்த எண்ணம் வேரூன்றியது. 1948-ல் மருத்துவர் மா. விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். பின்னாளில் ராயபுரத்தில் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை நோயாளிகளிடம் நடைமுறைப்படுத்தி, 1980களில் அதன் பலன்களை வெளியிட்டார்கள். அந்த முடிவில் ஒரு கரிசனம் இருந்தது. சோறு தின்று வளர்ந்தவரிடம், பருப்புக்கே கணக்குப் பார்க்கும் வீட்டில், இறைச்சியும் முட்டையும் நெய்யும் மையமான ஐரோப்பியப் பத்தியத்தைச் சொல்லி என்ன பயன்? தானியம், பயறு, கீரை, காய் ஆகியவற்றைக் கொண்டே நோயைக் கட்டுப்படுத்த அவர்கள் வழி தேடினார்கள். ஆனால் அந்த உணவுமுறைக்கு இரண்டு கால்கள் உண்டு: மாவுச்சத்து ஒன்று, நார்ச்சத்து மற்றொன்று. நம் அன்றாடத் தட்டில் முதல் கால் நிலைத்தது. இரண்டாவதை அரிசி ஆலை உமியோடும் தவிட்டோடும் கழித்துவிட்டது.

இடையில் 1967-ல் வந்த ஓர் ஆய்வைத் தொழிற்பேட்டை மக்கள் அறிந்திருக்க வேண்டும். மேற்கு ரயில்வேயின் மருத்துவ அதிகாரி எஸ். எல். மல்ஹோத்ரா நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டார். மாரடைப்பு நோயால் இறப்போர் விகிதம் வடக்கைவிடத் தெற்கில் ஏறத்தாழ 7 மடங்கு. வடக்கத்தியரோ பல மடங்கு அதிகக் கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் பால் கொழுப்பு உண்டவர்கள். ஒரே முதலாளி, ஒரே மாதிரி வேலைப் பிரிவுகள், வேறுபட்ட தட்டு. இதை வைத்து நெய் நல்லது என்று தீர்ப்பெழுதுவோர் இன்றும் உண்டு. அது அவசரம், பதிவேட்டு ஒப்பீடு காரணத்தை நிறுவாது. ஆனால் கொழுப்பு குறைந்த உணவு தானாகவே இதயத்தைக் காத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பதிவேடு இடம் கொடுக்கவில்லை.

2009-ல் சென்னை நகர்ப்புற ஆய்வான ‘க்யூர்ஸ்’ நம் அன்றாடத் தட்டை அளந்து காட்டியது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர், மருத்துவர் வி. மோகன் தலைமையில், நகரவாசிகளின் அன்றாடக் கலோரியில் ஏறத்தாழ 47 சதவீதம் தீட்டிய தானியத்திலிருந்தே வருவதாகக் கண்டார்கள். அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. தீட்டிய தானியத்தை மிக அதிகமாக உண்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, ரத்தச் சர்க்கரை ஆகியவை ஒன்றாகக் கூடும் கோளாறு பல மடங்கு மிகுந்திருந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் சீட்டுக் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து உணவுமுறைகளைச் சோதித்தார்கள். 2003-ல் 63 பேரை வைத்து நடந்த சோதனையில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் ஆறு மாதத்தில் இளைப்பதில் முன்னிலை பெற்றார்கள். ஓராண்டில் அந்த இடைவெளி மறைந்தது. 2006-ல் 48,835 பெண்களைச் சராசரியாக 8 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், கொழுப்பைக் குறைத்ததால் இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2008-ல் வெளியான ஆய்வு. அது நடந்த இடம் ஒரு பணியிடம்: இஸ்ரேலின் திமோனா அணு ஆராய்ச்சி மையம். 322 பேர், இரண்டு ஆண்டுகள், மூன்று உணவுமுறைகள். அங்கே மதிய உணவுதான் நாளின் பெரிய உணவு, அது கேன்டீனில்தான் கிடைத்தது. எந்தப் பதார்த்தம் எந்தக் குழுவுக்கு என்று கேன்டீனிலேயே அடையாளம் வைத்தார்கள். குறைகொழுப்புக் குழு சராசரியாக 2.9 கிலோ, மத்தியதரைக்கடல் உணவுக் குழு 4.4 கிலோ, குறைமாவுச்சத்துக் குழு 4.7 கிலோ இளைத்தது. இதைவிடப் பெரிய செய்தி, இரண்டு ஆண்டு முடிவில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் விலகாமல் இருந்ததுதான். உணவுச் சோதனைகளில் ஆட்கள் பாதியில் நின்றுவிடுவதே வழக்கம். கேன்டீன் அவர்களைப் பிடித்து வைத்தது.

அந்தக் குறைமாவுச்சத்துக் குழு முதல் இரண்டு மாதம் நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்தில் தொடங்கியது, பிறகு அதிகபட்சம் 120 கிராம் வரை உயரலாம். அது முழு நாளுக்கான அளவு. நாம் முதலில் கணக்கிட்ட ஒரு வேளைச் சோறு அதைத் தாண்டிவிட்டது.

2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து நடந்த சோதனையில் ஓராண்டு முடிவில் குறைகொழுப்புக் குழு 5.3 கிலோ, குறைமாவுச்சத்துக் குழு 6 கிலோ இளைத்தன. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. இரண்டு குழுவுக்கும் சொன்ன பொது அறிவுரை: சர்க்கரையையும் மைதாவையும் குறை, காய்கறியைக் கூட்டு. ஓராண்டு முடிவில் ‘குறைகொழுப்பு’ என்ற பெயர் கொண்ட குழு உண்டது 48 சதவீத மாவுச்சத்து, 29 சதவீதக் கொழுப்பு. நம் நாட்டிலோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வின்படி, கலோரியில் சராசரி 62 சதவீதம் மாவுச்சத்து. 2022-ல் அதே ஆய்வுக் குழு 18,090 பேரின் தரவிலிருந்து ஒரு கணக்கு வெளியிட்டது: புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களிடம் அது தணிய மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம், கொழுப்பு 21 முதல் 26 சதவீதம். இது கணித மாதிரி, சோதனை முடிவு அல்ல. இருந்தும் இந்தக் கணக்கையும் ஸ்டான்ஃபோர்டின் குறைகொழுப்புத் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்குக் ‘குறைமாவுச்சத்து’ என்று சொல்லத்தக்க இலக்கை எட்டினாலும், அமெரிக்கர்கள் ‘குறைகொழுப்பு’ என்று பெயரிட்ட தட்டைவிட அதில் மாவுச்சத்து சற்றுக் கூடவே இருக்கும். பெயரை மட்டும் இறக்குமதி செய்தால் கெடுதல் விளையும். ‘கொழுப்பைக் குறை’ என்ற அறிவுரையைக் கேட்டு இரண்டு துண்டு மீனையும் முட்டையையும் விட்டவர், அந்த இடத்தை இன்னொரு கரண்டிச் சோற்றால் நிரப்பிக்கொள்கிறார்.

இனி ஒரகடத்துக்கு வருவோம். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் கார் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இருபது வயதில் வந்தவர்கள் பலர் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள், சிலர் தாண்டிவிட்டார்கள். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று உறக்கம் மாறுகிறது. கேன்டீன் ஒப்பந்தம் தட்டுக்கு இவ்வளவு என்ற விலையில் போகும்போது, வயிற்றை நிரப்ப மலிவான பொருள் அரிசிதான். சுண்டலும் முட்டையும் தயிரும் கூட்டினால் செலவு ஏறும். விடுதி உணவால் சக தொழிலாளர்கள் நோயுற்றதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான் இந்தத் தட்டைப் பற்றி வெளியுலகம் பேசியது. அதுவும் கெட்டுப்போன உணவைப் பற்றி மட்டுமே. கெடாத உணவு இருபது ஆண்டில் செய்வதைப் பற்றி யாரும் மறியல் செய்வதில்லை.

திமோனாவில் செய்ததை இங்கே செய்ய முடியும். ஒரே ஆலையில் இரண்டு வரிசை: ஒன்றில் வழக்கமான சாப்பாடு, மற்றொன்றில் பாதிச் சோறு, இரட்டைப் பொரியல், பயறு அல்லது முட்டை. தட்டின் விலை வேறுபாட்டை நிர்வாகம் ஏற்கட்டும். இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்க்கட்டும். தொழிலாளர்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2024 முதல் ஆலைகளுக்குள் சென்று ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் சோதிக்கிறது. அந்தச் சோதனையோடு தட்டையும் இணைப்பது பெரிய வேலையல்ல.

அனுமதி எங்கே கேட்பது என்று தொழிலாளர்கள் தேட வேண்டியதும் இல்லை. ஸ்டான்லியில் விசுவநாதன் தனிப்பிரிவு தொடங்கிய அதே 1948-ல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் கேன்டீனைக் கட்டாயமாக்க வழிசெய்தது. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. அடுத்த கேன்டீன் கமிட்டிக் கூட்டத்தில் அவர்கள் இதை எழுப்ப வேண்டும்.