காணாமல்போனவரைத் தேடும்போது மனநலப் பிரச்னையை மறைக்காதீங்க... ஏன் தெரியுமா?

'ரெண்டு நாளா காணோம். மனநிலை சரியில்லாதவர். பார்த்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்க.' இப்படி ஒரு மெசேஜ் உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். ஷேர் பண்ணிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பீங்க. அதே மெசேஜை உங்க வீட்டுக்காக எழுத வேண்டிய நிலை வந்தா, என்ன செய்யணும்னு தெரியுமா?

முதல்ல ஒரு விஷயம். காணாமல்போகும் எல்லோருக்கும் மனநோய் இருப்பதில்லை. கடன், காதல், வீட்டில் அடி உதை, கடத்தல் எனக் காரணங்கள் பல. மனநல பாதிப்பு உள்ளவர்களிலும் பெரும்பாலானோர் வீட்டைவிட்டுப் போவதில்லை. ஆனால், சில பாதிப்புகளில் வெளியேறிப் போவதே நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது தேடும் முறையும் மாற வேண்டும்.

ஏன் கிளம்பிப் போறாங்க?

மனச்சிதைவு: யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற பயமோ, காதில் கேட்கும் குரலோ ஒருவரை வீட்டிலிருந்து கிளப்பிவிடலாம். ஊர் பார்வையில் அவர் 'ஓடிப்போனவர்'. அவரைப் பொறுத்தவரை உயிர் தப்பப் போனவர். மருந்தை திடீர்னு நிறுத்தினாலும் இந்த அறிகுறிகள் திரும்ப வரலாம்.

பைபோலார்: 'மேனியா' கட்டத்தில் தூக்கம் குறையும், உற்சாகம் எகிறும், பணம் தண்ணியா செலவாகும். யாரிடமும் சொல்லாமல் தொலைதூர ரயில் ஏறிவிடவும் வாய்ப்பு உண்டு.

தீவிர மனச்சோர்வு: கிளம்பும் முன் விடைபெறுவது போல பேசியிருந்தால், கடிதம் எழுதி வைத்திருந்தால், 'நாளைக்கு வந்துடுவான்' எனக் காத்திருக்காதீங்க. உடனே 112-க்கு அழைங்க.

டிமென்ஷியா: சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே 'நான் வீட்டுக்குப் போகணும்' என்பார் தாத்தா. அவர் மனதில் இருப்பது பழைய வீடு. டிமென்ஷியா உள்ளவர்களில் 10-ல் 6 பேர் ஒருமுறையாவது வழிதவறிப் போகிறார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். பழைய வீடு, வேலை பார்த்த இடம், வழக்கமான கோயில், பக்கத்துத் தெருக்கள்... இங்கெல்லாம் முதலில் தேடுங்க.

போலீஸில் என்ன சொல்லணும்?

'24 மணி நேரம் கழிச்சுத்தான் புகார் கொடுக்கணும்' என்பது சினிமா பார்த்து நாம நம்பிய கதை. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. எந்த ஸ்டேஷனிலும் உடனே புகார் கொடுக்கலாம்.

நிறைய குடும்பங்கள் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். 'தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?' என்று நோயையே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கோபித்துக்கொண்டு போனவராக நினைத்து நண்பர்கள் வீட்டில் விசாரணை நடக்கும். அவரோ வேறு மாநில ரயிலில் இருப்பார். அதனால், நோய் என்ன, எந்த மருந்து, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, எதற்குப் பயப்படுவார், எந்தெந்த மொழி பேசுவார் என எல்லாவற்றையும் போலீஸிடம் சொல்லுங்க. மருந்துச் சீட்டின் போட்டோவையும் கொடுங்க. ரயில்வே உதவி எண் 139-க்கும் தகவல் சொல்லுங்க.

சோஷியல் மீடியா போஸ்ட்டில் நோயின் பெயர் வேண்டாம். 'பதற்றமாக இருப்பார், மெதுவாகப் பேசுங்கள்' என்றால் போதும். தேதியும் ஸ்டேஷன் நம்பரும் கட்டாயம் இருக்கட்டும். ஆள் கிடைத்ததும் போஸ்ட்டை டெலிட் பண்ணிடுங்க. திரும்பி வந்து வேலை தேடும் ஒருவரை அந்தப் போட்டோ வருஷக்கணக்கா துரத்தக் கூடாது இல்லையா?

தெருவில் ஒருவரைப் பார்த்தால்?

பிளாட்பாரத்தில் கந்தல் துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவரும் யாரோ ஒரு வீட்டில் தேடப்படுபவராக இருக்கலாம். 1980-களின் இறுதியில் மும்பையில் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை மனநல மருத்துவர் பரத் வாட்வானியும் அவர் மனைவியும் அழைத்துவந்து சிகிச்சை கொடுத்தனர். தெளிந்த பிறகுதான் தெரிந்தது, அவர் ஆந்திராவைச் சேர்ந்த பட்டதாரி. அதில் தொடங்கிய ஷ்ரத்தா அமைப்பின் பணிக்காக 2018-ல் வாட்வானிக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 1993-ல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பும், தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை அளித்து குடும்பத்தைத் தேடிச் சேர்ப்பதில்தான் ஆரம்பித்தது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 100-வது பிரிவு இதைப் போலீஸின் கடமையாகவே சொல்கிறது. மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமல்போனவர் என எஃப்.ஐ.ஆர் போட்டு குடும்பத்தைத் தேட வேண்டும்.

நீங்க செய்ய வேண்டியது எளிது. கூட்டம் சேர்க்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க. தண்ணீர் கொடுத்து, மெதுவாக ஊர்ப்பெயரைக் கேளுங்க. 112-க்குப் போன் பண்ணுங்க.

திரும்பி வந்த பிறகு?

'எங்க போய்த் தொலைஞ்ச?' என்று தொடங்காதீங்க. சாப்பாடு, தூக்கம், அப்புறம் டாக்டர். மறுபடியும் போய்விடுவாரோ என்ற பயத்தில் கட்டிப்போடுவது தீர்வே இல்லை. 2001-ல் ஏர்வாடி தீ விபத்தில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியவில்லை. இன்று மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்குப் பதில், மருந்து தொடர்கிறதா எனப் பாருங்க. சட்டைப்பையில் முகவரிச் சீட்டு, போனில் லொகேஷன் ஷேரிங், பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை என ஏற்பாடு செய்து வைங்க. எப்போது, ஏன் கிளம்பத் தோன்றியது என்பதை அவர் நிதானமானதும் கேட்டு, டாக்டரிடமும் சொல்லுங்க.

வீட்டில் யாருக்காவது தூக்கம், பேச்சு, நடவடிக்கையில் திடீர் மாற்றம் தெரிந்தால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இந்த ரெண்டு நம்பரையும் இப்பவே போனில் சேவ் பண்ணிடுங்க!