அரைக்கால் காசும் ஐம்பதாண்டுப் பத்திரமும்: காவிரிப் படுகையில் நெடுங்கால வட்டியின் வரலாறு

உலகெங்கும் அரசுகளின் நெடுங்காலக் கடன் பத்திரங்கள் தரும் வருவாய் விகிதம் ஏறியிருக்கிறது. 2020இல் 1 விழுக்காட்டுக்கும் கீழே கிடந்த அமெரிக்கப் பத்தாண்டுப் பத்திரம் 2023 அக்டோபரில் 5ஐத் தொட்டது. பிரிட்டனின் முப்பதாண்டுப் பத்திரம் 2025இல், 1998க்குப் பின் காணாத உயரத்துக்குப் போனது. வட்டி என்பதையே மறந்திருந்த ஜப்பானிலும் முப்பதாண்டு விகிதம் 3ஐத் தாண்டியது. இந்த ஏற்றத்தை முதலீட்டாளர் அச்சமாகக் கொள்வதா, வாய்ப்பாகக் கொள்வதா? நெடுங்காலக் கடனுக்கு ஆயிரம் ஆண்டுச் சான்று உள்ள தஞ்சை மண்டலத்தை வைத்து இதை ஆராயலாம்.

முதல் சான்று தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே இருக்கிறது. 1010இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் மற்றவர்களும் அளித்த காசு, கருவூலத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கும் வணிகர்களுக்கும் கடனாகச் சென்றது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி), அதாவது 12.5 விழுக்காடு. முதலைத் திருப்பிக் கேட்கும் நாளே கிடையாது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை பொலிசை வந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்து 1751இல் தன் நிரந்தரக் கடன் பத்திரங்களை வெளியிடுவதற்கு ஏழரை நூற்றாண்டுக்கு முன் நடந்தது இது.

விநாயகருக்கான வாழைப்பழக் கட்டளையின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தஞ்சை நகர வணிகரிடம் 360 காசு வைக்கப்பட்டது. அரைக்கால் வீதம் ஆண்டுப் பொலிசை 45 காசு. காசுக்கு 1,200 பழம் என்ற விலையில் 54,000 பழம். ஆண்டுக்கு 360 நாளென்று வைத்தால் நாளுக்குச் சரியாக 150. கட்டளையும் நாள்தோறும் 150 பழம் என்றே சொல்கிறது. அதாவது கோயிலுக்கு வரவேண்டியது காசன்று, பழம். பழத்தின் விலை ஏறினால் இழப்பு கடன் வாங்கிய வணிகருக்கே. நெல்லிலும் இதே ஏற்பாடுதான். பல ஊர்கள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி நெல்லைப் பொலிசையாக அளந்தன. அதையும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று கல்வெட்டு வரையறுக்கிறது. காசுக்கு இரண்டு கலம் நெல் என்பது அன்றைய விலை. இரண்டு கலம் இருபத்துநான்கு குறுணி. அதில் அரைக்கால் மூன்று குறுணி. காசு வட்டியும் நெல் வட்டியும் தொடக்கத்தில் ஒன்றே. காலம் போகப் போக இரண்டும் பிரியக்கூடும். பிற்சோழர் காலத்தில் காசின் மாற்றுக் குறைந்தபோது நெல்லாக எழுதிக்கொண்டவன் தப்பித்திருப்பான்.

ஜார்ஜ் ஸ்பென்சர் 1968இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கடன்களை, மையத்தில் திரண்ட செல்வம் ஊர்களுக்குத் திரும்பிப் பாய்ந்த வழியாகக் கண்டார். அது சரியே. ஆனால் கடன் கொடுத்தவரின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நெடுங்காலத்துக்குப் பணம் கொடுப்பவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு வட்டி என்பதன்று; வட்டி எந்த அளவையில் என்பது. அந்தக் கேள்வியைச் சோழர் காலக் கணக்கர்கள் நன்றாகவே கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த பெரிய சான்று அசிங்கமானது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1773இல் தஞ்சையைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். நவாப்புக்குக் கடன் கொடுத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களுக்கு இப்போது ஈடாகக் கிடைத்தது காவிரியின் விளைச்சல். 1776இல் கம்பெனியின் சென்னை ஆளுநர் பிகட் தஞ்சைக்கு வந்து துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தியதும், பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி ஊழியர் தஞ்சை வருவாயின் மீதும் பயிரின் மீதும் தமக்குச் சுமார் 2,34,000 பவுண்டு வரவேண்டியிருக்கிறது என்று வந்து நின்றார். இவர் வாங்கிய சம்பளமோ ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு! உரிமையை ஏற்க மறுத்த பிகட்டை அவருடைய சபையினரே அந்த ஆகஸ்டில் கைது செய்தனர். 1777இல் அவர் காவலிலேயே இறந்தார். நவாப்பின் பத்திரங்கள் 1767இல் 10 விழுக்காடும் 1777இல் 12 விழுக்காடும் வட்டி பேசின. எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைக் கிழித்துப் போட்டார். பின்னர் 1805இல் அமைந்த ஆணையம் ஆராய்ந்தபோது, கோரப்பட்ட சுமார் 3 கோடி பவுண்டில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை. 12 விழுக்காடு என்ற எண் இராசராசன் காலத்து அரைக்காலை ஒட்டியதுதான். பின்னால் நிற்பது ஊர்ச் சபையா, கடனில் மூழ்கிய நவாப்பா என்பதில்தான் வேறுபாடு.

பிரிட்டிஷ் ஆட்சியின் ரூபாய்ப் பத்திரத்தில் அந்த ஐயம் இல்லை. தவணை தவறாது, வட்டிதான் குறைவு. 1894இல் 4 விழுக்காட்டுப் பத்திரங்களை அரசு 3½ விழுக்காடாக மாற்றியது. முதல் உலகப் போருக்கு முன் 100 ரூபாய் முகமதிப்புள்ள இந்தப் பத்திரம் 90 ரூபாய்க்கு மேல் விற்றது. போருக்குப் பணம் திரட்ட அரசே 5, 5½, பின்னர் 6 விழுக்காடு தர முன்வந்ததும், பழைய பத்திரத்தின் விலை 60க்கும் கீழே சரிந்தது. வட்டி ஒருமுறையும் நிற்கவில்லை. ஆனால் முதலின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. அதே வேளையில் நெல் விலை ஏறியதால் நிலம் வைத்திருந்த மிராசுதாரர் தழைத்தார்.

1930களில் காற்று திசை மாறியது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கடன் விவசாயிகளை நசுக்கியது. 1934இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் உறுதியாகியும் விலை உறுதியாகவில்லை. ராஜாஜி அரசு 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தனியார் லேவாதேவிக்காரரின் நிலுவை வட்டியை வெட்டியது. அந்தப் பத்தாண்டில் விலை மீண்டு ஏறியது, எவரும் பொருட்படுத்தாத 3½ விழுக்காட்டுப் பத்திரம்தான். ஆக, விலைவாசி ஏறும் காலத்தில் நெல்லும் இறங்கும் காலத்தில் பத்திரமும் வென்றிருக்கின்றன.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் வட்டியைச் சந்தை தீர்மானிக்கவில்லை. வங்கிகளைக் கட்டாயப்படுத்திப் பத்திரம் வாங்க வைத்தார்கள். 1990களின் சீர்திருத்தம் அதை மாற்றியதும் 1995-96இல் மத்திய அரசு 14 விழுக்காடு வரை கொடுத்துக் கடன் வாங்கியது. அன்று அதை நெருக்கடியின் அடையாளம் என்றார்கள். உண்மைதான். ஆனால் அன்று பத்தாண்டுப் பத்திரம் வாங்கி வைத்தவர், 2003இல் புதிய பத்திரங்களின் விகிதம் 5ஐ ஒட்டி இறங்கியபோதும் 14ஐ வாங்கிக்கொண்டிருந்தார். விகிதம் ஏறுவது ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இழப்பு, இனி வாங்கப் போகிறவருக்கு வரவு.

இழப்பின் அளவு காலத்தைப் பொறுத்தது. 7 விழுக்காடு தரும் பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தை விகிதம் 8 ஆனால் 100 ரூபாய்ப் பத்திரம் சுமார் 93 ரூபாய் ஆகும். அதே மாற்றத்தில் ஐம்பதாண்டுப் பத்திரம் சுமார் 88க்கு இறங்கிவிடும். 2023 நவம்பரில் இந்திய அரசு முதன்முறையாக ஐம்பதாண்டுப் பத்திரத்தை 7.46 விழுக்காட்டுக்கு விற்றது. 2073 வரை காப்பீட்டுத் தொகை தர வேண்டிய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அது பொருந்தும். கும்பகோணத்தில் ஓய்வூதியப் பணத்தை வைத்துக்கொண்டு, ஐந்தாறு ஆண்டில் பேத்தியின் கல்யாணத்துக்குத் தேவைப்படும் என்று கணக்குப் போடுபவருக்குப் பொருந்தாது. 2021 முதல் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் வழியாக எவரும் நேரடியாகப் பத்திரம் வாங்கலாம். பணம் தேவைப்படும் ஆண்டில் முதிரும் பத்திரமாகப் பார்த்து வாங்கி, முதிரும் வரை வைத்திருப்பவரை இடைக்கால விலைச் சரிவு தொடாது.

ஆனால் விலைவாசி தொடும். அதற்கு இன்றைய பத்திரங்களில் காப்பு இல்லை. முயற்சி நடந்தது: 2013 ஜூனில் மொத்த விலைக் குறியீட்டோடு பிணைத்து, அதற்கு மேல் 1.44 விழுக்காடு தரும் பத்தாண்டுப் பத்திரம் வந்தது. அதே டிசம்பரில் சிறு சேமிப்பாளருக்கென நுகர்வோர் விலையோடு 1.5 விழுக்காடு சேர்த்துத் தரும் திட்டமும் வந்தது. மக்களுக்கு விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் அது சில மாதங்களிலேயே மூடப்பட்டது. அரசுகள் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கும் இந்த வேளையில் நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் அந்தத் திட்டத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். இம்முறை அதை அஞ்சலகங்களில் தமிழில் விளக்கி விற்க வேண்டும்.