சோதனைக்குப் போகாத எழுதுவினைஞர்

1920களில் எழுந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்கவேண்டுமென நின்றது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் அதே சிங்களம் தமிழரின் உத்தியோகத்துக்கு வைத்த கண்ணியாயிற்று. அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிச் சோதனைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவரது சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது.

மொழி படிக்க எமக்கென்ன பஞ்சியா? 1980களில் அகதியாய் வந்து, நரைத்த தலையோடு வகுப்பிலிருந்து டொச்சும் நொஸ்க்கும் படித்தவர்கள் நாம்தானே. அதுவும் வேலைக்காகத்தான், ஆனால் படிப்பித்தவர்கள் எம் தமிழைப் பறித்தவர்களல்லர்.

கோடீஸ்வரன் வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றில் வெற்றி. 1967இல் உயர் நீதிமன்றில் தோல்வி. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்பதைத் தீர்க்காமல் திருப்பி அனுப்பியது. விடை வருமுன் 1972 அரசியலமைப்பு சிங்களத்தையே அரசகரும மொழியாக எழுதிவைத்தது.