அச்சுக்கோத்த கை ஹார்வர்டில் பாடம் எடுத்த கதை

தாமஸ் நட்டல் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. தாவரவியல் படிப்பவர்கள் மட்டும் செடிகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் "நட்." என்ற சுருக்கத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சுருக்கத்துக்குச் சொந்தக்காரர் கல்லூரிப் பக்கமே போகாத ஒரு அச்சுத் தொழிலாளி!

நட்டல் 1786இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். லிவர்பூலில் அச்சகம் வைத்திருந்த சித்தப்பாவிடம் பதினான்கு வயதில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தொழில் பழகுவது என்றால் ஏழு வருட ஒப்பந்தம். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகக் கோத்து, மெய்ப்புப் பார்த்து... கண்ணும் விரலும் தேயும் வேலை. ஓய்வு கிடைத்தால் செடி பார்க்கப் போய்விடுவாராம். ஒப்பந்தம் முடிந்ததும் சித்தப்பாவோடு மனத்தாங்கல். 1808இல் கப்பலேறி பிலடெல்பியா வந்து சேர்ந்தார். வயது 22. கையில் இருந்த ஒரே சொத்து அச்சுத் தொழில்தான்.

வந்த இடத்தில் ஒரு முள்கொடியைப் பார்த்து அதன் பெயரைத் தெரிந்துகொள்ள அலைந்திருக்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டனிடம் போ என்று யாரோ கைகாட்டினார்கள். பார்ட்டன் புத்தகங்களைக் கொடுத்தார், ஆர்வத்தை வளர்த்துவிட்டார். 1810இல் மேற்கே போய்ச் செடி சேகரித்து வரும்படி அனுப்பியும் வைத்தார். சம்பளம் மாதம் எட்டு டாலர், செலவு தனி. கிடைக்கும் செடிகளும் குறிப்புகளும் பார்ட்டனுக்கே சொந்தம் என்பது ஒப்பந்தம். உழைப்பவன் ஒருவன், உரிமை இன்னொருவருக்கு. (இப்போதைய ஆய்வு மாணவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

1811இல் ரோம வியாபாரிகளின் படகில் மிசௌரி நதியில் ஏறி, இன்றைய வடக்கு டகோட்டாவில் இருந்த மாண்டன் மக்களின் ஊர்கள் வரை போனார். படகோட்டிகளுக்கு அவர் ஒரு கோமாளி. ஆபத்து வருகிறது, துப்பாக்கிகளைச் சரிபாருங்கள் என்றபோது நட்டலின் குழலில் மண் அடைத்திருந்ததாம். அதை வைத்துத்தான் செடியின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லப்படுகிறது.

பிலடெல்பியாவுக்குத் திரும்பாமல் நியூ ஆர்லியன்ஸ் வழியாக இங்கிலாந்து போனார். 1812இல் போர் மூண்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். இந்த இடைவெளியில்தான் அந்த அடி விழுந்தது. லண்டனில் இருந்த பிரெடெரிக் புர்ஷ் என்ற தாவரவியலாளர் 1814இல் வட அமெரிக்கச் செடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நட்டல் கொண்டுவந்த புதுச் செடிகள் பலவற்றையும் அதில் தாமே முதலில் விவரித்துவிட்டார். தாவரவியலில் அன்று யார் முதலில் அச்சில் வெளியிட்டாரோ அவர் பெயர்தான் நின்றது. அச்சுத் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய கேலி உண்டா?

1815இல் அமெரிக்கா திரும்பியவர் அதற்குப் பதில் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1818இல் வட அமெரிக்கத் தாவரப் பேரினங்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். எழுதியதோடு நிற்காமல் பெரும்பகுதிக்கு அச்சும் அவரே கோத்தார்! லத்தீனில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதினார். சாதாரண ஆட்களும் படிக்கலாம் அல்லவா? ஒன்றுபோலவே தெரியும் எழுத்துக்களைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கண்தான், ஒன்றுபோலத் தெரியும் செடிகளையும் பிரித்துப் பார்த்தது என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

பிறகு ஹார்வர்ட். அங்கே பேராசிரியர் பெக் 1822இல் இறந்துபோனார். இன்னொரு பேராசிரியரை அமர்த்தப் பணம் போதவில்லை. ஆகவே நட்டலைத் தாவரத் தோட்டத்தின் காப்பாளராக்கி, பாடமும் எடுக்கச் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு மேல் இருந்தும் பேராசிரியர் பட்டம் கடைசிவரை வரவில்லை. பின்னால் 1842இல் ஆசா கிரே வந்தபோது அறக்கட்டளைப் பணம் இருந்தது, பதவியும் இருந்தது. நட்டலுக்கு வாய்த்தது தோட்டமும் வேலையும் மட்டுமே. அங்கே இருந்தபடியே பறவைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார் (1832, 1834). இருந்தாலும் நான்கு சுவருக்குள் அவர் மனம் ஒட்டவில்லை. 1834இல் வேலையை உதறிவிட்டு, ராக்கி மலைகளைத் தாண்டி பசிபிக் கரைக்குப் போனார்.

1836இல் சான் டியகோ கடற்கரை. ரிச்சர்ட் டேனா என்ற இளம் மாலுமி, வெறுங்காலோடு சிப்பி பொறுக்கும் ஒரு கிழவரைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார். ஹார்வர்டில் தான் விட்டுவந்த அதே நட்டல்! இருவரும் ஒரே கப்பலில் ஊர் திரும்பினார்கள். மாலுமிகள் நட்டலுக்கு வைத்த பெயரின் பொருள் 'விநோதக் கிழவர்'. அப்போது அவருக்கு ஐம்பதுதான்.

கடைசியில் பழைய சித்தப்பாவின் சொத்து தேடி வந்தது, ஒரு நிபந்தனையோடு: வருடத்தில் ஒன்பது மாதம் இங்கிலாந்தில் இருக்க வேண்டும். 1842 வாக்கில் செயின்ட் ஹெலன்ஸ் அருகே இருந்த அந்த வீட்டில் குடியேறினார். ஒரே ஒரு முறை மட்டும் 1847இன் கடைசி மூன்று மாதத்தையும் 1848இன் முதல் மூன்று மாதத்தையும் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தார். உயிலும் மீறப்படவில்லை! 1859இல் அந்த வீட்டிலேயே காலமானார்.