வகுப்பறை உடன்படிக்கை

கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் ஊதிய உடன்படிக்கை எழுதப்பட்டால், நிருவாகத்தாரும் தொழிலாளரும் அதில் கையொப்பமிடுவர். வகுப்பறை நடத்தைக்கும் ஆசிரியரும் மாணவரும் அவ்வாறே உடன்படிக்கை எழுதிக்கொள்ளும் முறை ஒன்று இன்று உண்டு. அதன் பழைய சாயல்கள் இரண்டை நம் நாட்டிலேயே காண்கிறேன்.

1789இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான பள்ளியை ஆண்ட்ரு பெல் ஏற்று நடத்தலானார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தியவர் இவரே. மாணவர் செய்யும் குற்றங்களை ஒரு கறுப்பு ஏட்டில் குறித்து, வாரந்தோறும் அதனை விசாரித்து, சக மாணவரையே நடுவராக்கித் தீர்ப்புக் கூறச் செய்தார். பிரம்பினும் இது மேலானதுதான். ஆயினும் அது மாணவர் குற்றத்திற்கான ஏடு, ஆசிரியர் குற்றத்திற்கன்று.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரோ, மாணாக்கர் இலக்கணத்திற்கு முன்பே ஆசிரியர் இலக்கணத்தை வைத்தார். கடை மாணாக்கரை எருமைக்கும் ஓட்டைக் குடத்திற்கும் அவர் ஒப்பிட்டதை நாம் மறப்பதில்லை. என் இளமையில் அடிக்கடி கேட்ட வசவும் அதுவே! ஆசிரியராகத் தகாதவரை முடத்தெங்கு என்றும் அவர் கூறியிருப்பதைத்தான் எவரும் எனக்குச் சொல்லவில்லை. நீர் வார்த்து வளர்த்தவன் அண்ணாந்து நிற்க, அயல் வீட்டில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை அது.