தோட்ட டிஸ்பென்சரியும் காக்காய் வலிப்பும்

தூக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டுவந்த பினோபார்பிட்டோன் வலிப்பையும் தடுக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் 1912இல் எழுதினார். அதே ஆண்டில்தான் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டமும், அவர்களிடையே பரவும் நோய்கள் பற்றிய சட்டமும் புதிதாக இயற்றப்பட்டன. மலிவான ஒரு மாத்திரையும், அதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை கொண்டுபோயிருக்கக்கூடிய ஓர் ஏற்பாடும் ஒரே காலத்தில் பிறந்தன. ஆனாலும் நுவரெலியா, ஹட்டன் மலைகளில் அவை இரண்டும் ஒன்றுசேர நெடுங்காலம் பிடித்தது.

இந்த மலைகளுக்கு முதலில் கோப்பிக்காகவும், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின் கொழுந்துக்காகவும் வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து மக்கள். நோயைப் பற்றிய நம்பிக்கைகளும் அவர்களோடு கடல் கடந்தன. கொல்லிமழவன் மகளைப் பிடித்திருந்த முயலகன் என்னும் வலிப்பு நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகச் சொல்லப்படும் திருவாசி, திருச்சிக்கு அருகே காவிரியின் வடகரையில்தான் இருக்கிறது. தோட்டத்தில் அந்த நோய்க்குக் காக்காய் வலிப்பு என்று பெயர். ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் தேடப்பட்டது இரும்பு: ஒரு சாவி, இல்லையென்றால் கத்தி. பிறகு கோடாங்கி பார்த்தார்கள், விபூதி மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். இரும்பு வைத்தியம் தலைமுறைகள் தாண்டியும் நிலைத்ததற்குக் காரணம் நோயிலேயே உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். கையில் கொடுத்த சாவியால் பெரிய தீங்கில்லை. வாய்க்குள் எதையாவது நுழைப்பதுதான் பல்லையும் மூச்சையும் கெடுத்தது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே இன்றைய முதலுதவி.

தோட்ட வைத்தியத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த முதல் முயற்சி 1872இல் நடந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் துரையின் கடமைகளை வரிசைப்படுத்தியது. லயங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், யார் யாருக்கு நோய் என்று அறிந்து ஆவன செய்ய வேண்டும், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இடமும் தர வேண்டும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் போஷாக்கைக் கவனிக்க வேண்டும். படிக்க நல்ல பட்டியல்தான். ஆனால் அதன் பின்னால் இருந்த கவலை வேறு. வாந்திபேதியும் அம்மையும் தோட்டத்துக்குத் தோட்டம் தாவக்கூடாது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கை குறையக்கூடாது. இலங்கைக்கு வருமுன் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்ததும், ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும் இதே வழியில் வந்தவை. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி உழைப்பைக் குறைத்தது; மருந்து கொடுத்ததும் வேலையில் பலன் தெரிந்தது. வலிப்பு நோயோ ஒட்டிப் பரவுவதில்லை. இரண்டு வலிப்புகளுக்கு இடையில் அந்த ஆள் எல்லோரையும்போல மலைக்குப் போய் வருவார். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பதிய அங்கே எதுவும் இல்லை.

டிஸ்பென்சரியின் நடைமுறையும் இந்த நோய்க்குத் தோதாக அமையவில்லை. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, வெட்டுக்காயம் என்று வருகிறவர்களுக்குச் சில நாள் மருந்து கொடுத்து அனுப்புவதுதான் அங்கே பழக்கம். பினோபார்பிட்டோனை ஒவ்வோர் இரவும், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று சட்டென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான வலிப்பு, சில சமயம் நிற்காத தொடர்வலிப்பு வரும். மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர், அதாவது நாட்கூலி, விழாது. துணைக்குப் போகிறவருக்கும் விழாது. மாத்திரைக்குக் காசு கேட்காத இடத்திலும் அதை வாங்கிவரப் போன நாளுக்கு இப்படி ஒரு விலை இருந்தது. இடையில் மாத்திரையை விடுகிறவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஏசுவது எளிது. அரைப் பேரை நம்பி அடுப்பு எரிந்த வீட்டில் அந்த ஏச்சு பொருந்தாது.

நோயின் மூலம் பல வேளைகளில் பிள்ளைப்பேற்றிலேயே இருந்தது. பிரசவத்தின்போது மூச்சுத் திணறிய குழந்தை, மூளைக்காய்ச்சலில் தப்பிய குழந்தை, சரிவில் உருண்டு தலையில் அடிபட்டவர் ஆகியோருக்குப் பிற்காலத்தில் வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சியின் கையில் பிள்ளை பிறந்த காலத்தில் முதல் வகைக்குக் குறைவிருக்க வழியில்லை. 1970களின் உணவுப் பஞ்சத்தில் தோட்டப் பகுதியின் சிசு மரணம் ஆயிரத்துக்கு 100ஐத் தாண்டியது. இறந்தவர்கள் கணக்கில் வந்தார்கள். பாதிப்போடு பிழைத்தவர்களைத் தனியாக யாரும் எண்ணவில்லை. தென்னிந்தியாவில் இன்னொரு காரணமும் பெரிது. பன்றி நாடாப்புழுவின் முட்டை உணவிலோ நீரிலோ கலந்து உடலுக்குள் போய், அதன் குடம்பி மூளையில் தங்குவது அது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வொன்று அப்பகுதி வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று 2006இல் காட்டியது. இலங்கையில் அது அரிது.

தோட்டங்களில் நிலைமை இப்படி இருக்க, மலையடிவாரத்துப் பேராதனையில் உலகம் கவனித்த ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் நிமல் சேனாநாயக்க 1980களில் கண்டி மாவட்டத்தில் எடுத்த கணக்கில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதைவிடப் பேசப்பட்டது அவர் விவரித்த ‘உணவு வலிப்பு’. சாப்பிட உட்கார்ந்து, பெரும்பாலும் சோறு உண்ணும் வேளையில், வலிப்பு வரும் வகை அது. மேல்நாடுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேள்விப்பட்டிருந்த இந்த வகை இலங்கையில் அடிக்கடி தென்பட்டது. ஒரே குடும்பத்தில் பலருக்கும் இருந்தது. சீட்டாட்டம், ரூபிக் கனசதுரம் போன்ற மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகள் தூண்டிய வலிப்புகளையும் அவர் 1987இல் பதிவு செய்தார். சாப்பாட்டு வேளையில் வரும் வலிப்புக்குச் செய்வினை என்று ஊரில் காரணம் சொல்லிவிடலாம். மூளையின் எந்தப் பகுதி, எந்தத் தூண்டலுக்கு இப்படிப் பொறி தட்டுகிறது என்று கேட்டது பேராதனை. கொழும்பிலோ இலண்டனிலோ உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. சோறும் வலிப்பும் ஒன்றாக வருவதை நோயாளியின் வாயால் கேட்டதால்தான் எழுந்தது.

தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களின் வைத்தியம் அதுவரை நாட்டின் சுகாதார சேவைக்கு வெளியே, தோட்டத்தின் பொறுப்பிலேயே கிடந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு ஏற்கும் வேலை 1990களில் தொடங்கி மெதுவாகத்தான் நகர்ந்தது. இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது.

மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் நோய் எவ்வளவு அடங்கும் என்பதில் இப்போது ஐயமில்லை. கிளாஸ்கோவில் 525 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஆய்வில் முன்பு மருந்து எடுத்திராதவர்களில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்து மேலும் 13 சதவீதத்தினருக்கு உதவியது. அதற்கு மேல் மருந்து மாற்றிப் பெரிய பலனில்லை. அத்தகையோரில் சிலருக்கு அறுவைச் சிகிச்சை வழி திறக்கும். பொட்டு மடல் வலிப்பில் அறுவைக்குத் தெரிவானவர்களில் 58 சதவீதத்தினர் ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்ததாகவும், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 8 சதவீதம்தான் என்றும் 2001இல் கனடாவில் கண்டார்கள். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையின் உறுப்புகளையும் அறிவு வளர்ச்சியையும் பாதிப்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதை எழுதக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் எச்சரித்தது. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதால் இந்த எச்சரிக்கைக்குத் தோட்டப் பகுதியில் தனி எடை உண்டு. லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டாம் ஆகியவை மாற்று மருந்துகள். இரண்டும் பினோபார்பிட்டோனைவிட விலை கூடியவை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நாள் தவறாமல் மாத்திரை வேண்டியவர்களின் பாடு சிக்கலானது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற செயல்திட்டம் 2031க்குள் வலிப்பு நோயாளிகளில் 80 சதவீதத்தினருக்குக் கட்டுப்படியாகும் விலையில் மருந்து கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.